தடுப்புக் காவலும் கட்டணமில்லாச் சட்டத் துணையும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழ் மக்களின் வரலாறு பல்வேறு கோணங்களிலிருந்து ஆராயப்பட்டு வந்துள்ளது. அவர்களது குடிப்பெயர்வு, கூலி, தொழிற்சங்க இயக்கம், வாக்குரிமை இழப்பு, நாட்டார் பாடல்கள் ஆகியன பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். எனினும் அவ்வரலாற்றின் ஒரு பக்கம் போதிய கவனத்தைப் பெறவில்லை என்றே கூறவேண்டும். நாட்டில் தங்கியிருப்பதற்கு உரிமையில்லை என்ற காரணத்துக்காகக் கைதுசெய்யப்பட்டுக் காவலில் வைக்கப்பட்ட மக்களுக்காக நீதிமன்றில் பேச முன்வந்தோர் யாவர்? பணம் பெறாது பேச முன்வந்தோர் யாவர்? பேச எவரும் வராதவிடத்து நிகழ்ந்தது யாது? இவ்வினாக்களுக்கு ஊவா மாகாணத்துத் தோட்டங்களை மனத்திற்கொண்டு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவாவைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக வகுக்கப்பட்ட ஊவா, மலையகத்தின் கீழ்த்திசை எல்லையாகும். கொழும்பிலிருந்து புறப்படும் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிற்றான் பதுளையை வந்தடைந்து, அங்கேயே முடிவுற்றது. சுமார் 290 கிலோமீற்றர் நீளமான அப்பாதையின் ஒரு நுனியில் உயர் நீதிமன்றமும் குடிவரவுத் திணைக்களமும் தடுப்பு முகாமும் இருந்தன. மறு நுனியில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் லயங்கள் இருந்தன. சட்டம் ஓரிடத்திலும் அதற்கு ஆளானவர் மற்றோரிடத்திலும் இருந்தமையால் விளைந்த துன்பத்தை ஊவாவிலே தெளிவாகக் காணலாம்.

தோட்டமும் காவலும்

தோட்டத் தொழிலாளரின் நடமாட்டத்தைக் குற்றமாகக் கருதும் மரபு சுதந்திரத்துக்குப் பின்னர் தோன்றியதன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடாது வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். ஒரு தோட்டத்தைவிட்டு மறுதோட்டம் சென்றவன் பிடியாணையின் பேரிலே தேடப்பட்டான். இன்று குடியியல் ஒப்பந்த மீறல் எனக் கொள்ளப்படுவது அன்று குற்றவியல் வழக்காக நடந்தது. இதற்குத் துணையாக அமைந்தது துண்டு முறை. தொழிலாளியின் கடன் இவ்வளவு என எழுதப்பெற்ற அத்துண்டு இல்லாதவனை வேறொரு தோட்டத்துத் துரை வேலைக்கு ஏற்கமாட்டார். 1921ஆம் ஆண்டிலேயே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நாட்டுக்குள் வரும் வழியும் ஒருவகைக் காவலாகவே இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் இருந்த முகாம்களிலே தடுத்துவைக்கப்பட்டு, நோய் இல்லையென உறுதியான பின்னரே அனுப்பப்பட்டனர். கழுத்திலே தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. எவரிடம் எதை முறையிடலாம் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

1923ஆம் ஆண்டின் பின்னர் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். தொழிலாளர் தம் முறைப்பாடுகளை அவருக்கு எழுதியனுப்பக்கூடியதாயிற்று. வழக்கறிஞரல்லர் எனினும், பணம் கேளாது கேட்கும் செவியொன்று முதன்முறையாகக் கிடைத்தது எனலாம். ஆயின் அம்முறைப்பாட்டை எழுதுவதற்கு எழுத்தறிந்த ஒருவரை நாடவேண்டியிருந்தது. தோட்டத்திலே எழுத்தறிந்தோராயிருந்த கணக்கப்பிள்ளையும் கிளாக்கரும் துரையின் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். ஆகவே, தொழிலாளிக்கு முதலில் தேவைப்பட்ட சட்ட உதவி ஒரு தாளும் அதிலே அவனுக்காக எழுதும் ஒரு கையுமே என்பதை நாம் மறத்தலாகாது.

பிரேஸ்கேர்டில் வழக்கு

கட்டணம் பெறாது வழங்கப்பட்ட சட்டத் துணையால் நாடுகடத்தற் காவலிலிருந்து ஒருவர் மீண்ட வரலாறு இலங்கையிலே மிகப் புகழ்பெற்றதாகும். அவர் மலையகத் தோட்டமொன்றோடு தொடர்புடையவர், ஆனால் தொழிலாளியல்லர், தமிழருமல்லர்.

மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் இங்கிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவிலே வளர்ந்தவர். 1936ஆம் ஆண்டில் மடுல்கலைப் பகுதியிலுள்ள றெலுகாஸ் தோட்டத்திலே தொழில் பழகும் சின்னத்துரையாக வந்து சேர்ந்தார். தொழிலாளரோடு அவர் நெருங்கிப் பழகியதைப் பொறாத தோட்ட நிருவாகம் அவரை நீக்கியது. அவர் லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்பிரில் 3ஆந் திகதி நாவலப்பிட்டியிலே, இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயா கலந்துகொண்ட கூட்டத்தில் தோட்டத்துரைமாரின் கொடுமைகளை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். வெள்ளையர் ஒருவர் வெள்ளைத் துரைமாரைத் தொழிலாளர் முன்னிலையிலே இழித்துரைப்பதை ஆட்சியாளர் பொறுப்பரோ? ஏப்பிரில் 22ஆந் திகதி, இரண்டு நாட்களுள் நாட்டைவிட்டு வெளியேறும்படி தேசாதிபதி சேர் றெஜினல்ட் ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார்.

பிரேஸ்கேர்டில் வெளியேறவில்லை, தலைமறைவானார். மே 5ஆந் திகதி அரசாங்க சபையிலே தேசாதிபதியின் செயலைக் கண்டிக்கும் பிரேரணை பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. சில நாட்களில் அவர் கைதானார். ஆட்கொணர் எழுத்தாணை கோரி உயர் நீதிமன்றில் மனுச் செய்யப்பட்டது. அக்காலத்திலே இலங்கையின் தலைசிறந்த வழக்கறிஞராக விளங்கிய எச். வி. பெரேரா கட்டணம் எதுவும் பெறாது அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் தலைமையிலான ஆயம், தேசாதிபதி துணைகொண்ட 1896ஆம் ஆண்டின் அரச கட்டளை அவசரகால நிலைமைக்கே உரியதென்றும், அமைதி நிலவும் வேளையில் ஒருவரை அதன்கீழ் நாடுகடத்த இயலாதென்றும் கொண்டது. மே 18ஆந் திகதி பிரேஸ்கேர்டில் விடுதலையானார்.

கட்டளை பிறந்தது முதல் விடுதலை வரை ஒரு மாதமும் கழியவில்லை என்பதை நாம் உற்றுநோக்கவேண்டும். இதற்குத் துணைநின்றவை மூன்று. முதலாவது, கைதானவரைப் பற்றிய செய்தி உடனே வெளியில் தெரிந்தமை. இரண்டாவது, வழக்காட வல்லவர் ஒருவர் பணம் கேளாது முன்வந்தமை. மூன்றாவது, காவலில் வைத்தவர் தேசாதிபதியே ஆயினும் அவர் செயலைச் சட்டத்தின் அளவுகோலால் அளந்துபார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தமை. இனி வரும் வரலாற்றை ஆராய்தற்கு இம்மூன்றும் நமக்கு உரைகற்களாகும்.

1940ஆம் ஆண்டில் ஊவாத் தோட்டங்களிலே வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்துப் போராட்டம் அவற்றுட் குறிப்பிடத்தக்கது. அப்போராட்டங்களுக்குத் தலைமை தாங்கிய சமசமாஜிகளுட் சட்டம் பயின்றோர் பலர் இருந்தனர். ஆனால் அவ்வாண்டு யூன் மாதத்திலே என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோர் யுத்தகாலப் பாதுகாப்புப் பிரமாணங்களின்கீழ்த் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். துணைநிற்க வந்தவர்களே காவலுக்குள் ஆனார்கள். தனிப்பட்ட சிலரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்கும் சட்டத் துணை எத்துணை நொய்தானது என்பதற்கு இது முதற் சான்றாகும்.

உரிமை பறிபோன விதம்

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா சென்றிருந்தார். ஐந்தாண்டுகள் கழிந்து 1952ஆம் ஆண்டுத் தேர்தல் நடந்தபோது அக்காங்கிரசின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. இடையிலே இயற்றப்பட்ட சட்டங்களை நிரல்படக் கூறுதல் பொருந்தும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், அவ்வாண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் என்பன அவை.

இவற்றுள் முதலாவது சட்டம் வமிசாவழியை அடிப்படையாகக் கொண்டது. இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தையார் இங்கு பிறந்தாரென்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரென்றோ காட்டவேண்டியிருந்தது. லயத்திற் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பதிவு வைத்திருந்தோர் சிலரே. பூட்டனின் பிறப்பைக் காட்டும் பத்திரத்துக்கு எங்கு போவது?

மூன்றாவது சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பதற்கு 1951 ஓகஸ்ட் 5ஆந் திகதி வரை காலம் அளிக்கப்பட்டது. விவாகமானவர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை நிரூபித்தல் வேண்டும். போதிய வருமானம் உண்டெனவும் காட்டவேண்டும். சுமார் 8 இலட்சம் பேரின் பொருட்டு விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. இறுதியிற் பதிவு பெற்றவர் தொகை ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரமே. ஊரிலே தாயின் மரணத்துக்குச் சென்றுவந்ததும், மகளின் விவாகத்துக்காக இரண்டு மாதம் தங்கியதும் ‘இடையறாத வதிவு’ என்னும் நிபந்தனையின் முன் கேள்விக்குரியனவாயின. நிராகரிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று சட்டம் கூறியது. மடுல்சீமையிற் கொழுந்து பறிக்கும் ஒருவர் கொழும்பிலே மேன்முறையீடு செய்வதெங்ஙனம்? தொழிற்சங்கக் காரியாலயங்களே அக்காலத்தில் அவர்களுக்குச் சட்ட உதவி நிலையங்களாக இருந்தன எனின் மிகையாகாது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவரும், விசாரணைக்கு உடன் சென்றவரும், கடிதத்தைப் படித்துச் சொன்னவரும் பெரும்பாலும் சங்கத்தின் பிரதிநிதியே.

இச்சட்டங்களை நீதிமன்றிலே எதிர்க்கும் முயற்சியும் நடந்தது. கோடாக்கன்பிள்ளை வழக்கு என அறியப்படும் அவ்வழக்கு கேகாலை மாவட்டத்திலே தொடங்கியது. வாக்காளர் இடாப்பில் ஒருவர் பெயரைச் சேர்க்க மறுத்தமை தொடர்பாக, இச்சட்டங்கள் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு வழங்கிய சிறுபான்மையோர் காப்பை மீறுவன என வாதாடப்பட்டது. மீளாய்வு அலுவலர் அவ்வாதத்தை ஏற்றார். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1953ஆம் ஆண்டிலே கோமறைக் கழகமும் ஏற்கவில்லை. தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்குரிய அதிகாரமே என்பது அம்முடிவின் சாரமாகும். இவ்வாறு பொதுவழி அடைபட்டது. எஞ்சியிருந்தது ஒவ்வொருவராகச் சென்று வாதாடும் வழி ஒன்றே. அவ்வழிக்குத்தான் தனித்தனி வழக்கறிஞர் தேவைப்பட்டனர்.

சீப்பு வெளிச்சம்

1964 ஒக்ரோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைப் பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே அவர்களும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் சம்மதம் இரு வேளைகளிலும் கேட்கப்படவில்லை.

ஒப்பந்தத்தை நிறைவேற்ற 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க இந்திய-இலங்கை உடன்படிக்கை நடைமுறைப்படுத்தற் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியப் பிரசாவுரிமை பெற்றவருக்கு இலங்கையிலே குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வதிவிட அனுமதி வழங்கப்படும்; காலம் முடிந்ததும் அவர் வெளியேறவேண்டும். 1971ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், இந்தியாவுக்குச் செல்வோர் உண்மையாகவே புறப்பட்டுச் சென்ற விகிதத்துக்கேற்பவே இங்கிருப்போருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கப்படலாயிற்று. ஆகவே புறப்படாதவரைப் புறப்படச் செய்யும் அவசரம் அதிகாரிகளுக்கு உண்டாயிற்று. விசாக் காலம் கடந்தவர்கள் தோட்டங்களிலே கைதுசெய்யப்பட்டு, காவலில் தலைமன்னாருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ‘இராமானுஜம்’ கப்பலேற்றப்பட்டனர். 1964 திசெம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்துபோனமையால் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அங்கிருந்து அவர்கள் மண்டபம் முகாமை அடைந்தனர். பாட்டன்மார் தகரத் துண்டோடு தங்கிய அதே மண்டபத்திலே பேரப்பிள்ளைகள் வந்திறங்கினர்.

அவர்கள் ஏன் உரிய காலத்திற் புறப்படவில்லை? வேண்டுமென்றே சட்டத்தை மீறினர் எனக் கொள்வது பிழையாகும். சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் கைக்கு வரத் தாமதமாகும். வீட்டிலே அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் பதிவாகியிருப்பர். முதிய தாய் எப்பக்கம் செல்வது எனத் தெரியாது. மனைவி பிரசவத்தை எதிர்பார்த்திருப்பாள். இவை ஒவ்வொன்றும் அனுமதிக் காலத்தை நீடிக்கும்படி கோருவதற்குரிய நியாயங்களே. ஆனால் அக்கோரிக்கையை யாரிடம், எத்தாளில், எந்நாளுக்குள் செய்யவேண்டும் என்று அறிந்தோர் அரியர்.

நமுனுகுலைப் பகுதித் தோட்டமொன்றிலே வாழ்ந்த என் அம்மாயி, சிறுவனாயிருந்த எனக்குக் கூறிய செய்தியொன்றை இவ்விடத்திற் குறிப்பிடுதல் தகும். இரவிலே மலைப்பாதையில் சீப்பு வெளிச்சம் தெரிந்தால், விசா முடிந்த வீட்டார் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் இறங்கிவிடுவராம். ஓர் இரவு அவருடைய அண்ணனால் ஓடமுடியவில்லை, காய்ச்சலோடு படுத்திருந்தார். மறுநாட் காலை பெரட்டுக் களத்தில் அவர் பெயர் கூப்பிடப்படவில்லை. “எங்க வச்சிருக்காங்கன்னு கேக்கவாவது ஒரு ஆளு வேணுமே சாமி” என்பார் அம்மாயி. இரண்டு மாதத்தின் பின்னர் புதுக்கோட்டையிலிருந்து வந்த கடிதமே அவர் உயிரோடிருப்பதை அறிவித்ததாம். அம்மாயியின் வாக்கு எளியதாயினும் சட்ட உதவியின் அடிப்படை முழுவதும் அதனுள் அடங்கும். காவலில் உள்ளவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டறிதலே எல்லாச் சட்டத் துணைக்கும் தொடக்கமாகும்.

அவ்வேளையில் ஒரு சட்டத்தரணி உடனிருப்பின் அவர் கேட்டிருக்கக்கூடிய வினாக்கள் கடினமானவையல்ல. எழுத்திலமைந்த அகற்றற் கட்டளை உண்டா? அதனைக் காட்டினார்களா? அவருக்கு விளங்கும் மொழியில் அறிவித்தல் கொடுக்கப்பட்டதா? கால நீடிப்புக் கோரிய விண்ணப்பம் நிலுவையிலுள்ளதா? பெயரும் தந்தை பெயரும் பதிவும் ஒத்துள்ளனவா? தோட்டத்துச் செக்குறோலிலே ஒரு விதமாகவும் கடவுச்சீட்டிலே மற்றொரு விதமாகவும் எழுதப்பட்ட பெயர்களால் ஆள்மாறாட்டம் நிகழ்ந்திருத்தல் கூடும். இவ்வினாக்கள் கேட்கப்பட்டிருந்தால் எல்லோரும் விடுதலையாகியிருப்பர் என நாம் கூறவில்லை. சிலரேனும் தங்கியிருப்பர்; ஏனையோர் தம் மக்களிடம் விடைபெற்றுச் சென்றிருப்பர். கேட்பார் இன்மையால் இரண்டும் நிகழவில்லை.

இவ்விடத்து வேதனைக்குரிய முரண்பாடொன்றைச் சுட்டாதிருத்தல் வரலாற்றுக்கு இழைக்கும் தீங்காகும். 1937ஆம் ஆண்டிலே பிரேஸ்கேர்டிலுக்காகப் போராடியதும், 1948ஆம் ஆண்டிலே பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றில் எதிர்த்ததும் லங்கா சமசமாஜக் கட்சியே. ஆனால் 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அக்கட்சி அரசாங்கத்தில் இருந்தது. 1970 முதல் 1975 வரையும் இருந்தது. பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சு கொல்வின் ஆர். டி சில்வாவின் பொறுப்பிலேயே இருந்தது. ஒரு கட்சியைக் குறைகூறுதற்காக இதனை எழுதவில்லை. எதிரணியில் இருக்கும்போது கிடைக்கும் சட்டத் துணை ஆட்சிபீடம் ஏறியதும் மறைந்துபோகலாம் என்பதே இதனாற் பெறப்படும் பாடமாகும்.

1978: திறந்த கதவும் மூடிய கதவும்

1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பிலே சட்டமுறையற்ற கைதுக்கெதிரான உட்பிரிவு ‘பிரசை’ எவரும் எனத் தொடங்கியது. நாடற்றவர் அதனுள் அடங்கவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை ‘ஆள்’ எவரும் எனத் தொடங்குகின்றது. சட்டம் விதித்த நடவடிக்கை முறைப்படியன்றி எவரையும் கைதுசெய்யலாகாது; காரணம் அறிவிக்கப்படல் வேண்டும்; நீதிபதியின் முன் கொண்டுவரப்படல் வேண்டும். பிரசையல்லாதாருக்கும் கதவு திறந்தது என எண்ணத் தோன்றும். ஆனால் அதே உறுப்புரையின் ஏழாவது பந்தி அக்கதவை மூடுகின்றது. குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின்கீழோ, 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழோ ஆக்கப்பட்ட அகற்றற் கட்டளை அல்லது நாடுகடத்தற் கட்டளை காரணமாக ஒருவரைக் கைதுசெய்தலும் தடுத்துவைத்தலும் அவ்வுறுப்புரையை மீறுவதாகாது என அப்பந்தி கூறுகின்றது. நாட்டின் உயர்ந்த சட்டத்திலே, அடிப்படை உரிமைகளின் நடுவிலே, மலையக மக்களை அனுப்புவதற்கென இயற்றப்பட்ட சட்டம் பெயர் குறித்து விலக்களிக்கப்பட்டுள்ளது. இதனை மலையக மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அதே 1978ஆம் ஆண்டிலேதான் 27ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டமும் நிறைவேறி, சட்ட உதவி ஆணைக்குழு தோன்றியது. வறியவருக்குச் சட்ட உதவி வழங்குதல் அரசின் கடமை என்பது ஏற்கப்பட்டது. ஆனால் 13ஆம் உறுப்புரையின் காப்பை எவருக்கு அவ்வாண்டு மறுத்தார்களோ, அவர்களே சட்ட உதவி மிக வேண்டியிருந்தவர்கள். ஆட்கொணர் எழுத்தாணை முற்றாக நீங்கவில்லை என்பது உண்மையே. அது 141ஆம் உறுப்புரையின்படி மேன்முறையீட்டு நீதிமன்றிலே கோரப்படக்கூடியதாயிருந்தது. எனினும் அந்நீதிமன்றமும் கொழும்பிலேயே இருந்தது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அத்தொலைவைக் குறைத்தது. மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு, தத்தம் மாகாணத்துள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டோர் தொடர்பில் ஆட்கொணர் எழுத்தாணை வழங்கும் அதிகாரம் கிடைத்தது. ஊவாவிலே தடுத்துவைக்கப்பட்டவருக்காகப் பதுளையிலேயே மனுச் செய்யலாம் என்னும் நிலை உருவாயிற்று. ஆனால் 1984ஆம் ஆண்டிலேயே தலைமன்னார்க் கப்பல் நின்றுவிட்டது. போகவேண்டியவர் போய்விட்ட பின்னரே பதுளையிற் கதவு திறந்தது.

எஞ்சியிருந்தோரின் பிரச்சினையை 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஓரளவு தீர்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் முடித்துவைத்தது. அவ்வாண்டில் நிகழ்ந்த ஒன்று நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. அரசாங்க அலுவலரும் தொழிற்சங்கத்தாரும் தொண்டர்களும் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் துணையோடு நேரே மக்களிடம் சென்று விண்ணப்பங்களை நிரப்பினர். பத்து நாட்களில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரசாவுரிமை பெற்றனர். மக்களைச் சட்டத்திடம் வரும்படி பணித்த 1951ஆம் ஆண்டையும், சட்டம் மக்களிடம் சென்ற 2003ஆம் ஆண்டையும் ஒப்புநோக்குவார்க்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பிற நாடுகளும் நம் கடமையும்

இக்குறைபாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே குற்றஞ் சாட்டப்பட்ட வறியவருக்கு அரசாங்கச் செலவில் வழக்கறிஞர் அமர்த்தப்படவேண்டுமென 1963ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் கிடியன் வழக்கிலே தீர்ப்பளித்தது. ஆனால் நாடுகடத்தல் விசாரணைக்கு அவ்வுரிமை நீளவில்லை. அங்கு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். அரசாங்கம் செலவு செய்யாது. நாடுகடத்தல் தண்டனையன்று, வெறும் நிருவாகச் செயலே என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஒரு களவுக்காக ஆறுமாதம் சிறைப்படுபவன் தண்டனை முடிந்து தன் வீட்டுக்கு மீள்கிறான். நாடுகடத்தப்படுபவனுக்கு மீள்வதற்கு வீடில்லை. இவற்றுள் எது தண்டனை என்பதைத் தலைமன்னார் இறங்குதுறையில் நின்றவர்களே அறிவர்.

மலையக மக்கள் இன்று பிரசைகள். ஆகவே இது முடிந்த கதை எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. 13ஆம் உறுப்புரையின் ஏழாவது பந்தி இன்றும் அரசியலமைப்பில் இருக்கின்றது. அதற்கு ஆளாவோர் மட்டுமே மாறியுள்ளனர். 2014ஆம் ஆண்டிலே புகலிடம் கோரி வந்திருந்த பாகிஸ்தானியர் பலர் கைதாகித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வேளை மேன்முறையீட்டு நீதிமன்றில் ஒரு மனுவினாற் சில நாட்களேனும் அவ்வெளியேற்றம் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 திசெம்பர் மாதத்திலே ரோகிங்கியா மக்களை ஏற்றிய படகொன்று முல்லைத்தீவுக் கரையை அடைந்தது. மொழி தெரியாது, பத்திரம் இல்லாது, பசியோடு வந்திறங்கிய அவர்களும் தடுத்துவைக்கப்பட்டனர். ‘கள்ளத்தோணி’ என்னும் பழிச்சொல்லை அரை நூற்றாண்டுக் காலம் சுமந்தவர்களின் வழிவந்தோர், வேறொருவர்மீது அச்சொல் வீசப்படும்போது வாளாவிருத்தல் தகுமா?

தொகுத்து நோக்குமிடத்து, 1937ஆம் ஆண்டில் ஒருவரை விடுவித்த மூன்று காரணங்களும் ஊவாத் தோட்டத்துத் தொழிலாளிக்குக் கிட்டவில்லை என்பது தெளிவாகும். கைதுச் செய்தி லயத்தைத் தாண்டவில்லை. கட்டணமின்றி வாதாட வருபவர் மலையேறி வரவில்லை. அரசியலமைப்பின் காப்பும் பெயர் சொல்லி மறுக்கப்பட்டது. இவற்றுள் மூன்றாவதை மாற்றுதல் சட்டமன்றத்தின் வேலை. முதலிரண்டையும் மாற்றுவதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. சட்டம் கற்கும் மாணவரும், மொழிபெயர்க்க வல்ல கலைப்பீட மாணவரும், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். பதுளையிலும் பண்டாரவளையிலும் சட்டத்தரணிகள் உளர். அவர்களுக்கும் லயத்துக்கும் இடையிலே நடந்து செல்பவர் வேண்டும். காவலில் இருப்பவர் மலையகத்தாராயினும் மறுநாட்டாராயினும், அவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார், எக்கட்டளையின் பேரில் வைக்கப்பட்டிருக்கிறார் என முதல் நாளிலேயே கேட்பதற்கு ஓர் ஆள் இருத்தல் வேண்டும். என் அம்மாயி வேண்டியதும் அதுவேயாகும்.